நன்னூற் பாயிரமும் வளர்ந்தோர் கல்வியும்

தமிழிலக்கணம் பயிலப் புகுவார் யாவரும் முதற்கண் எதிர்ப்படுவது நன்னூலின் பொதுப்பாயிரமாகும். எழுத்தையும் சொல்லையும் கூற வந்த அந்நூல், அவற்றைத் தொடங்குமுன், நூலாவது யாது, அதனைக் கற்பிப்போன் யாவன், கற்பிக்கும் முறை எத்தகையது, கற்போன் யாவன், கற்கும் முறை எத்தகையது என ஐந்து பொருள்களை வகுத்துக் கூறுகின்றது. மாணாக்கராயிருந்த காலத்து நாம் அவற்றை மனனஞ் செய்தோம், பரீட்சையில் எழுதினோம், பின்னர் மறந்தோம். ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட பின்னரும் அப்பகுதியைக் கற்பித்தற்குரிய பாடமாகக் கொள்கின்றோமேயன்றி, நமது கற்பித்தலை அளக்குங் கோலாகக் கொள்கின்றோமில்லை. அக்கோலைக் கொண்டு இக்காலத்து வளர்ந்தோர் கல்வியை அளந்து பார்ப்பதும், அளக்குமிடத்துக் கோலே வளைந்துள்ள இடங்கள் உளவாயின் அவற்றை மறையாது கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ந்தோர்க்குப் பாடம் வகுத்துத் தருதல் இன்று தனியொரு தொழிலாகிவிட்டது. வங்கி எழுதுநர், மருத்துவத் தாதியர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆசிரியர் ஆகிய பலரும் தொழில் செய்துகொண்டே புதியன கற்க வேண்டிய நிலையிலுள்ளனர். அவர்க்குரிய பாடங்களை ஆராய்ந்து அமைப்போரைப் பாட வடிவமைப்பாளர் என்கின்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினரை விரைந்து பயிற்ற வேண்டியிருந்தமை இத்தொழிலின் வளர்ச்சிக்கு ஒரு காரணம். கற்றலின் நோக்கங்களைப் புளூம் என்பார் குழுவினர் 1956இல் வகைப்படுத்தினர். கற்றல் நிகழ்தற்குரிய நிலைகளை றொபேட் காக்னே 1965இல் ஆராய்ந்தெழுதினார். 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அமெரிக்க இராணுவத்திற்கென, ஆராய்தல், வடிவமைத்தல், ஆக்குதல், நடைமுறைப்படுத்தல், மதிப்பிடுதல் என்னும் முறையை வகுத்தனர். இம்முறைகளை நன்கு கற்றோரும் கல்லாதோரும் இன்று ஒருங்கே வற்புறுத்தும் சொல் ஒன்றுண்டு. பாடம் கற்போனை ஈர்க்க வேண்டும் என்பதே அது. ஈர்ப்பென்பது யாது, அஃது எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவிற்கு விடை காண்பதே ஈண்டு வேண்டப்படுவது.

எனக்கு இப்பொருளில் ஈடுபாடு உண்டான வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் பிழையாகாதென எண்ணுகின்றேன். சில ஆண்டுகளின் முன், பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கென வார இறுதி வகுப்புக்களை நடத்திய நிறுவனமொன்று, தமிழ் கற்பித்தல் பற்றிய தற்கற்றற் கைந்நூலொன்றை ஆக்கித் தருமாறு என்னைக் கேட்டது. யானும் பல நூல்களை ஆராய்ந்து, வரைவிலக்கணங்களும் மேற்கோள்களும் நிறைந்த 80 பக்கக் கைந்நூலை எழுதிக் கொடுத்தேன், வகுப்புக்களையும் நடத்தினேன். வந்திருந்தோருட் பலர் வயதில் என்னினும் மூத்தோர். இறுதியில் வைத்த சோதனையில் அவருட் பாதிப்பேருக்கு மேல் விடையளிக்க இயலாது இடர்ப்பட்டனர். இன்னார் இல்லிக்குடம், இன்னார் எருமை என யான் மனத்துள் வகைப்படுத்திக்கொண்டேன். அறிக்கையிலும், கற்போரிடத்துப் போதிய கவனமில்லை என்று எழுதினேன். வகுப்பு முடிந்த அன்று, ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்துவந்த ஆசிரியை ஒருவர் கைந்நூலைக் கையிற் பிடித்தவாறு என்னிடம் வந்து, “சேர், நீங்கள் தந்ததை இரண்டு தரம் வாசித்தேன். திங்கட்கிழமை என்ரை பிள்ளைகளோடை இதிலே எதைச் செய்யிறது?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு என் கைந்நூலின் 80 பக்கங்களிலும் விடையில்லை. அன்றிரவுதான் பாயிரத்தை மீண்டும் எடுத்து வாசித்தேன்.

வாசித்தபோது முதலில் வருத்தமே மிகுந்தது. நூல் கற்பிக்கத் தகாதவர் இவரென்று பாயிரம் ஒரு நிரல் தருகின்றது. களிப்பில் மூழ்கியவன், சோம்பன், செருக்கன், கள்வன் முதலியோரை விலக்குதல் ஒருவாறு பொருந்துவதே. ஆயின் அந்நிரலிலேயே நோயாளியும், உறங்குபவனும், அறிவு மந்தமானவனும், பழைய நூல்களின் பெருமைக்கு அஞ்சித் தடுமாறுபவனும் அடங்குகின்றனர். வளர்ந்த மாணாக்கர் யாவரென எண்ணிப் பாருங்கள். பகல் முழுதும் தொழில் செய்து, மாலையில் வீட்டுக்கடன் முடித்து, இரவிற் புத்தகத்தைத் திறப்பவன் உறங்குபவனே. பாடசாலையை விட்டு இருபது ஆண்டு கழித்து மீண்டும் படிக்கப் புகுபவன் நூலுக்கு அஞ்சித் தடுமாறுபவனே. வயது முதிர்ந்தோரிடத்து நோயுமுண்டு. பாயிரத்தின் வாயிலில் நின்று நோக்கின் வளர்ந்தோர் கல்வி என ஒன்று இருத்தற்கே இடமில்லை. மறுபுறத்தில், கற்பித்தற்குரியார் வரிசையில் ஆசிரியனின் மகனும் அரசனின் மகனும் பொருளை மிகுதியாகக் கொடுப்போனும் இடம்பெறுகின்றனர். இஃது அக்காலச் சமுதாய ஒழுங்கென்று அமைதி கூறலாம். ஆயினும் இன்று நாம் பின்பற்றத்தக்க ஒழுங்கென்று கூறலாகாது. முன்னோர் நூலைப் போற்றுதல் வேறு. அதன் குறையையும் சேர்த்துப் போற்றுதல் வேறு.

எனினும் வாயிலைக் கடந்து உள்ளே செல்வார்க்குப் பாயிரம் வேறு முகம் காட்டுகின்றது. மாணாக்கரை மாத்திரம் உவமைகளால் அளந்து அஃது அமையவில்லை. கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் உவமையாயினாற் போல, ஆசிரியராதற்குத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் கூறப்பட்டுள்ளன. அவை கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன. மாணாக்கரைப் பழிக்கும் உவமைகளை நாம் அடிக்கடி எடுத்தாளுகின்றோம். நம்மைச் சுட்டும் இந்நான்கையும் எடுத்தாளக் கண்டதில்லை. யான் ஆக்கிய கைந்நூலை இந்நான்கினாலும் சோதித்தேன்.

கழற்காய் நிரம்பிய குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையின்றிக் காய்கள் ஒருங்கே வெளிவரும். யான் அறிந்த யாவற்றையும் அறிந்த அளவிற் கொட்டியிருந்தேன். முன்னர் அறிய வேண்டியது எது, அதன்மேற் கட்ட வேண்டியது எது என ஒழுங்கு செய்திலேன். மடல் நிறைந்த பனையின் பழம் தானே விழுந்தாலன்றி எவரும் ஏறிப் பறித்தற்கில்லை. வடபுலத்தார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. என் பக்கங்களிலும் கற்போன் கையை வைத்து ஏறுதற்கு ஒரு வினாவோ பயிற்சியோ இல்லை. பஞ்சடைத்த குண்டிகையினுள் ஒன்றைப் புகுத்துவதும் அரிது, எடுப்பதும் அரிது. யான் வருந்திக் கற்றவற்றை அவ்வருத்தத்தோடே பிறர்க்கும் கொடுத்திருந்தேன்.

நான்காவது உவமை என் கைந்நூலினும் அந்நிறுவனத்திற்கே மிகப் பொருந்துவது. வளைந்த தென்னைக்கு ஒருவன் நீர் வார்க்க, அது வேலிக்கப்பாலுள்ளவனுக்குக் காய் கொடுக்கும். தம் ஓய்வுநாளையும் பேருந்துக் கூலியையும் செலவிட்டு வந்தோர் ஆசிரியர்கள். இத்துணைப் பேரைப் பயிற்றினோம் என்னும் பயன் நிறுவனத்தின் பதிவேட்டுக்குச் சென்றது. இன்று கணினித் திரையில் நடைபெறும் தொழிற்பயிற்சிகள் பலவற்றையும் இவ்வுவமையால் அளந்து பார்க்கலாம். ஊழியர் ஒருவர் திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி இறுதிக்குச் சென்றுவிட்டார் என்னும் குறிப்பே அவற்றின் பயனாக எஞ்சுவதுண்டு. நீர் வார்த்தவன் கையில் காய் விழுந்ததா என்று கேட்பாரில்லை.

இனி ஈர்ப்பு என்பதை நோக்குவாம். பாடம் சுவையற்றிருப்பதைக் கண்டோர் அதற்கு மருந்தாக வண்ணப்படமும் இசையும் கதையும் விளையாட்டும் புள்ளிகளும் பதக்கங்களும் சேர்க்கின்றனர். இவை பொருளோடு இயைந்துழிப் பயன் தருவனவே. இயையாதவழி என்னாகும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் றிச்சேட் மேயர் பல சோதனைகளால் ஆராய்ந்துள்ளார். பாடத்திற்கு வேண்டாத சுவைச் செய்திகளையும் படங்களையும் ஓசைகளையும் நீக்கும்போது கற்றல் பெரும்பாலும் மேம்படுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. நூலின் குற்றங்கள் பத்து என்னும் பாயிரம், எடுத்த பொருளை விட்டுப் பிறிதொன்றை விரிப்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தது. சொற்கள் விரவியும் பயனின்றி முடிவதையும் குற்றமென்றது. கற்போனை ஈர்த்தற்கென நாம் சேர்க்கும் அணிகலன் பல இவ்விரு குற்றங்களுள் ஒன்றில் அடங்கும். மாறாக, கற்பிப்போன் செய்யத்தக்கதாகப் பாயிரம் கூறுவன எளியவை. காலமும் இடமும் நோக்குதல், சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் ஒழுங்கு செய்தல், விரையாமை, வெகுளாமை, முகமலர்ச்சி, கற்போன் எவ்வகையாற் கொள்வானோ அவ்வகையறிந்து கொடுத்தல் என்பனவே அவை. இவற்றுள் இறுதியிற் கூறியதே பாட வடிவமைப்பின் முதற்படியாக இன்று கொள்ளப்படுவது. அவ்வாசிரியையின் வினா, அவர் கொள்ளும் வகையை யான் அறிந்திலேன் என்பதையே உணர்த்திற்று.

பாயிரத்தின் மிகச் சிறந்த பகுதியென யான் கருதுவது இனி வருவது. ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் முற்றக் கொண்டானாயினும் அவன் பெறும் புலமை காற்பங்கே. உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கும் தான் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைத்தலாலேயே நிரம்பும். ஆசிரியனின் சிறப்பைப் பலவாறு புகழ்ந்த நூல், அவனுக்குரிய பங்கு நாலிலொன்றே என்று அடக்கிக் கூறுதல் வியக்கத்தக்கது. என் அனுபவமும் இதற்குச் சான்று. பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டத்திற்குப் பயின்ற யான், முதன்முறை தனியே குறிப்புக்களை நெட்டுருச் செய்து பரீட்சையிற் றவறினேன். அடுத்த ஆண்டு நால்வராய்ச் சேர்ந்து, நண்பரொருவர் வீட்டு விறாந்தையில் வாரந்தோறும் கூடி, ஒருவர்க்கு ஒருவர் பாடஞ் சொன்னோம். அந்நாளிற் பிறர்க்குச் சொன்னவை இன்றும் நினைவிலுள்ளன. பிறர் சொல்லக் கேட்டவற்றுட் பல இல்லை.

இதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. 2006இல் றோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் வெளியிட்ட சோதனையில், மாணவருள் ஒரு சாரார் உரைப்பகுதியொன்றை மீண்டும் மீண்டும் வாசித்தனர். மற்றொரு சாரார் அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்கழித்துச் சோதித்தபோது வாசித்தோரே மேம்பட்டனர். ஒரு வாரங்கழித்துச் சோதித்தபோது நினைந்தெழுதியோர் மேம்பட்டனர். பயிற்சி வகுப்பின் இறுதி நாளிலேயே சோதனை வைத்து வெற்றி கொண்டாடுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று. எடுத்துரைத்தல் என்பதும் நினைவிலிருந்து எடுத்தலையே அடிப்படையாகக் கொண்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முன்னோர் அன்றே அளந்து கூறிவிட்டார் என்று நாம் மார்தட்டுதல் கூடாது. கால், அரை என்பன எவரும் நிறுத்துப் பெற்ற நிறையல்ல. எது எதனினும் பெரிதென உணர்த்தும் அனுபவ மொழி. இவ்வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த பிழையொன்று அண்மைக்காலத்தில் உண்டு. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்கார் டேல் 1946இல் வெளியிட்ட நூலில், நேரே செய்து பெறும் அனுபவத்தை அடியிலும் சொற்குறிகளை உச்சியிலும் வைத்து ‘அனுபவக் கூம்பு’ என்னும் படமொன்றை வரைந்தார். அப்படத்தில் எண்கள் இல்லை. பின்வந்தோர் எவரோ, வாசிப்பதில் 10 வீதமும் கேட்பதில் 20 வீதமும் செய்வதில் 90 வீதமும் நினைவில் நிற்கும் என எண்களைச் சேர்த்து, அவற்றை டேலின் பெயரால் வழங்கிவிட்டனர். அவ்வெண்களுக்கு ஆதாரமான ஆய்வு இல்லையென்று அறிஞர் பலர் காட்டிய பின்னரும் பயிற்சி மண்டபங்களில் அவை திரையில் ஒளிர்கின்றன. டேலுக்கு நேர்ந்தது பவணந்தியார்க்கும் நேராதிருக்கட்டும்.

பாயிரத்தின் மற்றொரு குறையையும் கூறிவிடல் வேண்டும். பாடங் கேட்கும் மாணாக்கன் தீட்டிய ஓவியப் பாவை போல அசையாதிருந்து, செவியே வாயாகவும் நெஞ்சே கலமாகவும் கொள்ளவேண்டும் என்பது அதன் விதி. வினாவுதலும் வினாவிற்கு விடுத்தலும் மாணாக்கனின் கடன் என அதே பாயிரம் பின்னர்க் கூறுவதாயினும், முதலில் அவன் கலமே. வளர்ந்தோன் வெறுங்கலமாக வருவதில்லை. பல்லாண்டு கற்பித்த அனுபவத்தோடு வந்தார் அவ்வாசிரியை. அவ்வனுபவத்தை யான் ஒருமுறையும் கேட்டிலேன்.

கேட்டுத் தொடங்கினால் யாது நிகழும் என்பதற்குப் பிறேசில் நாட்டில் ஓர் எடுத்துக்காட்டுண்டு. அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள அங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் 1963இல் பாவுலோ பிரெயிரே என்னும் கல்வியாளர் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு எழுத்தறிவித்தார். அதற்குச் சென்ற காலம் 45 நாள். எழுத்தறியாதார்க்கு வாக்குரிமை இல்லாதிருந்த காலம் அது. அவ்விலக்கு 1985இலேயே நீங்கிற்று. பிரெயிரே குழுவினர் முதலில் மக்களின் பேச்சைக் கேட்டு, அவர் வாழ்வில் வேரூன்றிய சொற்களைத் திரட்டினர். எடுத்துக்காட்டாக, செங்கல் என்னும் பொருளுடைய ‘திஜோலோ’ என்னும் சொல்லைக் கொள்வாம். கட்டட வேலையைக் காட்டும் படமொன்றை வைத்து முதலில் அவ்வேலை பற்றி உரையாடினர். பின்னர்ச் சொல்லைக் காட்டி, மூன்று அசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் இனமான அசைகளையும் வரிசையாக வைத்தனர். அவற்றைக் கூட்டிப் புதுச் சொற்களை ஆக்கும் பணி கற்போருடையது. அவ்வாறு ஆக்கிய தொழிலாளி பாயிரங் கூறும் அரைப்பங்கை முதல்நாளிலேயே ஈட்டத் தொடங்கினான் எனலாம். அங்கே பதக்கமும் இல்லை, புள்ளியும் இல்லை; செங்கல்லும் தன் உழைப்பும் வாக்குரிமையுமே அவனை ஈர்த்தன. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிப் பிரெயிரேயைச் சிறையிலிட்டது. எழுத்தறிவித்தலின் வலிமையை அவ்வாட்சியாளர் நன்குணர்ந்திருந்தனர் போலும்.

வளர்ந்தோர் கல்வி சிறுவர் கல்வியினின்றும் முற்றும் வேறெனக் கருதுவாரும் உளர். அமெரிக்கரான மல்கம் நோல்ஸ் 1970இல் தம் நூலுக்கு இட்ட துணைத்தலைப்பு அவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்தியது. 1980இற் றிருத்திய பதிப்பிலோ, எதிர் என்னும் கருத்தை நீக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுதல் என மாற்றியமைத்தார். தாம் இட்ட கோட்டைத் தாமே அழித்த அவ்வறிஞரின் நேர்மை போற்றத்தக்கது. சிறுவனும் தன் அனுபவத்தோடுதான் வகுப்பினுள் வருகின்றான். வளர்ந்தோனுக்கும் சிற்சில வேளைகளில் ஆசிரியன் ஒழுங்காகச் சொல்லக் கேட்டலே வேண்டப்படுகின்றது. ஆகவே வளர்ந்தோர்க்கென ஆராய்ந்து கண்டவை நம் பாடசாலை வகுப்பறைக்கும் புறம்பானவையல்ல.

யான் அக்கைந்நூலை மீண்டும் எழுதினேன். 80 பக்கம் 30 பக்கமாயிற்று. ஒவ்வொரு பகுதியும், இதனை நீர் உமது வகுப்பில் இதுவரை எவ்வாறு செய்தீர் என்னும் வினாவோடு தொடங்கிற்று; திங்கட்கிழமை செய்யத்தக்க ஒன்றோடு முடிந்தது. அடுத்த வாரம் வருவோர் தாம் செய்ததை மற்றவர்க்கு எடுத்துரைக்கவேண்டும் என்பது விதி. யாவரும் மேம்பட்டனர் என்று கூறேன். சிலர் இடையில் நின்றும் போயினர். ஆயின் எடுத்துரைக்க எழுந்தோர் உறங்கவில்லை. நூலுக்கு அஞ்சித் தடுமாறவுமில்லை. விலக்கத்தக்கார் எனப் பாயிரம் நிரற்படுத்தியோருட் சிலரேனும் அவ்வாறாயினமைக்குக் காரணம் பாடமே என்பதை அன்று கண்டேன். முன்னர் எழுதிய அறிக்கையை மீட்டற்கு வழியில்லை. இக்கட்டுரையே அதற்குத் திருத்தமாகுக.

இக்கல்லூரியின் பழைய மாணவருட் பிறரைப் பயிற்றும் பணியில் ஈடுபட்டோரும், நாளை ஆசிரியராக விரும்பும் இன்றைய மாணவரும் பொதுப்பாயிரத்தை மீண்டுமொருமுறை எடுத்து வாசிப்பாராக. அதன் வாயிலை நாம் அகலத் திறத்தல் வேண்டும். அதனுள்ளே வைத்துள்ள நிறைகோலையோ அவ்வண்ணமே எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவர் அதனை மாணாக்கரிடத்துக் கொண்டு செல்லுமுன் தாம் எழுதிய பாடத்தை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பாராக.